ஓர்காவும் பசிபிக் இராட்சத ஆக்டோபஸும்: அறிவில் எது மேல்?

நெய்தல்:
வணக்கம். கனடாவின் வான்கூவர் தீவை ஒட்டிய கடலில் ஓர்கா திமிங்கிலமும் பசிபிக் இராட்சத ஆக்டோபஸும் சேர்ந்தே வாழ்கின்றன. இரண்டையும் அறிவுமிக்க விலங்குகள் என்கிறார்கள். ஆனால் பெண் ஓர்கா 80 ஆண்டுகள்கூட வாழக்கூடும். ஆக்டோபஸின் ஆயுளோ மூன்று முதல் ஐந்து ஆண்டுகள்தான். இவற்றின் அறிவை ஒப்பிடுவது முறையாகுமா?

கயல்விழி:
ஒப்பிடலாம். ஆனால், அந்த அறிவு எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். நீங்கள் சொல்லும் கடலில் மீன் உண்டு வாழும் ஓர்காக்கள், ஆணாயினும் பெண்ணாயினும், ஆயுள் முழுவதும் தாயின் கூட்டத்தை விட்டுப் பிரிவதில்லை; கூட்டத்துக்கெனத் தனி ஒலிகளும் உண்டு. அவை பெரிதும் உண்ணும் சினூக் சால்மன் என்ற மீன் குறைந்த ஆண்டுகளில், ஈனும் பருவம் கடந்த மூத்த பெண்களே முன்னே நீந்தி மற்றவற்றுக்கு வழிகாட்டுகின்றன என்பதை 2015இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. பாட்டியின் நினைவாற்றலே பேரக்குட்டிகளின் வயிற்றை நிரப்புகிறது.

அலைவாய்:
ஆக்டோபஸுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. தாய் அரை ஆண்டுக்கும் மேலாக இரை தேடாமல், முட்டைகளின்மீது நீரைப் பாய்ச்சியும் கைகளால் துப்புரவு செய்தும் காத்து, குஞ்சுகள் வெளிவரும் காலத்தில் உயிர்விடுகிறது. அரிசி மணியளவே உள்ள குஞ்சுகள் நீரோட்டத்தில் மிதந்து சென்று தாமாகவே வாழப் பழகுகின்றன. அப்படி வளர்ந்த விலங்கு, சிப்பியை முதலில் இழுத்துத் திறக்கப் பார்க்கிறது. ஆய்வாளர்கள் சிப்பியைத் திறக்க முடியாதபடி கம்பியால் கட்டிக் கொடுத்தபோதோ, இழுப்பதைக் கைவிட்டு ஓட்டில் துளையிடத் தொடங்கியது. கற்பிக்க எவருமின்றி முறையை மாற்றிக்கொள்ளும் இந்தத் திறனையே நான் வியக்கிறேன்.

நெய்தல்:
நன்றி. அப்படியானால் கூட்டமாகக் கற்பதில் குறையே இல்லையா?

கயல்விழி:
இருக்கிறது. அதே கடலில் பிக்ஸ் ஓர்காக்கள் எனப்படும் மற்றொரு வகை, கடல்நாய்களை வேட்டையாடிச் செழித்து வாழ்கிறது. அக்கடலின் தென்பகுதியில் வாழும் மீனுண்ணி ஓர்காக்களோ, முன்னோர் வழக்கப்படி சினூக் சால்மனையே பெரிதும் நம்பியிருப்பதால், அம்மீன் அருகிவரும் நிலையிலும், கண்ணெதிரே கடல்நாய்கள் திரிந்தபோதும், அவற்றை இரையாகக் கொள்வதில்லை. அந்த ஓர்காக்கள் இன்று 80க்கும் குறைவாகவே எஞ்சியுள்ளன.