ரீமேக்கில் எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது? உரிமையை யாரிடம் வாங்குவது?

நிழல்வெளி கேட்டது:
வணக்கம். மலையாளப் படம் ஒன்றைத் தமிழில் எடுக்கும் யோசனை. இரண்டு சந்தேகம். காட்சிக்குக் காட்சி எடுத்தால் ‘ஜெராக்ஸ்’ என்கிறார்கள், மாற்றினால் ‘கெடுத்துவிட்டார்கள்’ என்கிறார்கள். எதுவரை கை வைக்கலாம்? அடுத்தது, தயாரிப்பாளர் கையெழுத்துப் போட்டால் போதுமா, கதை எழுதியவரிடமும் போகவேண்டுமா? ‘ரீமேக்கே வேண்டாம்’ என்று ஒரு வரியில் முடிக்காமல் விவரமாகச் சொல்லுங்கள்.

திரைக்கதைப்பித்தன்:
ஒரு காட்சி கதையில் என்ன வேலை செய்கிறது என்பதை முதலில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள் நண்பரே. அந்த வேலை கெடாதவரை ஆளை, ஊரை, மொழியை, எதை வேண்டுமானாலும் மாற்றலாம்.

‘மணிச்சித்திரத்தாழ்’ (1993) நல்ல பாடம். அதில் நாகவல்லி தஞ்சாவூரிலிருந்து வந்த தமிழ் நாட்டியக்காரி. மலையாளம் பேசிக்கொண்டிருந்த கங்கா, தன்னை நாகவல்லியாகவே நினைத்துக்கொண்டு திடீரென்று தமிழில் சீறும்போதுதான் பார்க்கிறவருக்கு உதறல் எடுக்கிறது. அப்படியே தமிழுக்குக் கொண்டுவந்தால் அந்த உதறல் போயே போய்விடும், தமிழ்ப்பெண் தமிழ் பேசுவதில் என்ன இருக்கிறது? அதனால்தான் ‘சந்திரமுகி’யில் (2005) அவள் தெலுங்குக்காரி ஆனாள், ‘ரா ரா’ தெலுங்கில் வந்தது. இந்தி ‘பூல் புலையா’ (2007) அவளை வங்காளி ஆக்கியது. மொழி மாறிக்கொண்டே போயும் காட்சியின் வேலை மாறவில்லை. இதே படத்தில் இன்னொரு மாற்றமும் உண்டு. மூலத்தில் மோகன்லால் வெகுநேரம் கழித்துத்தான் வருவார். தமிழில் ரஜினி தொடக்கத்திலேயே வந்துவிடுகிறார். முன்பாதி அதனால் நீர்த்துப்போனது என்பது என் எண்ணம். ஆனால் மர்மம் முழுக்கக் கங்கா பாத்திரத்தின் மேல் நிற்பதால் படம் தாங்கிக்கொண்டது.

‘த்ரிஷ்யம்’ (2013) வேறு வகை. குடும்பம் வெளியூர் போனது கொலைச் சம்பவத்துக்குப் பிறகு. பார்த்தவர்கள் நினைவில் அதை முந்தைய தேதிக்குத் தள்ளி வைப்பதில்தான் மொத்தக் கதையும் தொங்குகிறது. மலையாளத்தில் தியானக் கூட்டம், இந்தியில் சத்சங்கம். எதுவாக இருந்தாலும் அங்கே கூட்டம் கூடவேண்டும், போனவருக்குத் தேதி துல்லியமாக நினைவிருக்கக்கூடாது, பஸ் டிக்கெட்டும் ஓட்டல் பில்லும் கையில் மிஞ்சவேண்டும். இதையே இன்றைய தேதிக்கு நகர்த்தினால் கடைவாசல் சிசிடிவியும் கைபேசியில் பணம் கட்டிய நேரமும் கதையை உடைத்துவிடும். ஆகவே காலத்தை மாற்றினால் ஒவ்வொரு சாட்சியத்தையும் திரும்பச் சோதிக்கவேண்டும்.

இதன் தமிழ் ரீமேக்கான ‘பாபநாசம்’ (2015) எடுபட்டதில் ஜெயமோகன் வசனத்துக்கும் நெல்லைத் தமிழுக்கும் பெரும் பங்கு உண்டு. வட்டார வழக்கை எடுத்தால் கடைசி ஃப்ரேம் வரை பிடிக்கவேண்டும். இரண்டு காட்சி பேசிவிட்டு மூன்றாவதில் பொதுத்தமிழுக்குத் தாவினால் அந்த ஊரே செட் போட்டதாகத் தெரியும்.

உரிமைப்பத்திரம்:
இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். தயாரிப்பாளர் கையெழுத்து மட்டும் போதாது. 1957 பதிப்புரிமைச் சட்டப்படி படம் ஒரு சொத்து, திரைக்கதை தனிச் சொத்து. ‘ஆரண்ய காண்டம்’ படம் தொடர்பான வழக்கில் 2017-இல் சென்னை உயர் நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது: மொழிமாற்றம் (டப்பிங்) செய்யும் உரிமை தயாரிப்பாளருக்கு உண்டு, ஆனால் ரீமேக் செய்ய, திரைக்கதை எழுதியவர் அந்த உரிமையை எழுத்துமூலம் கொடுத்திருக்கவேண்டும்.

அதனால் தயாரிப்பாளரிடம் முதலில் கேட்கவேண்டியது அவருக்கும் எழுத்தாளருக்கும் இடையே போட்ட ஒப்பந்தத்தின் நகல். அதில் ‘ரீமேக்’ என்ற சொல் இருக்கிறதா, எந்தெந்த மொழிக்கு, எத்தனை ஆண்டுக்கு என்று பாருங்கள். பலர் கோட்டைவிடும் இடம் 19-ஆம் பிரிவு. காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றும், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் கொள்ளப்படும். வாங்கிய உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தம் வேறு மாதிரி சொல்லாத பட்சத்தில், அது காலாவதியாகும். நடிகர் தேதி கிடைக்காமல் இரண்டு வருஷம் இழுத்தால் கையில் வெறும் தாள்தான் இருக்கும். எனவே காலத்தை எண்ணில் எழுதி, ‘ஓராண்டு விதி பொருந்தாது’ என்றும் தனியாகச் சேர்க்கச் சொல்லுங்கள். வாய்ப்பேச்சும் அட்வான்ஸ் ரசீதும் உரிமை மாற்றம் ஆகாது.

பாட்டு பெரும்பாலும் ஆடியோ கம்பெனியிடம் இருக்கும், மெட்டை எடுப்பதானால் அங்கே தனியாகப் போகவேண்டும். தணிக்கைச் சான்றிதழும் புதிதாகத்தான் வாங்கவேண்டும்.

கடைசிவரிசை:
இரண்டு பேரும் தொடாத ஒன்று, காலதாமதம். இந்தி ‘அந்தாதுன்’ 2018-இல் வந்தது, தமிழ் ‘அந்தகன்’ 2024-இல். ‘சூரரைப் போற்று’ 2020-இல் ஓடிடியில் வந்தது, அதே இயக்குநர் எடுத்த இந்தி ‘சர்ஃபிரா’ 2024-இல் வந்து வசூலில் படுத்தது. இடையில் பார்க்க நினைத்தவர்கள் சப்டைட்டிலோடு பார்த்து முடித்திருப்பார்கள். திருப்பத்தை நம்பும் த்ரில்லருக்கு இதில் அடி பலமாக விழும்; குடும்பக் கதையும் நகைச்சுவையும் ஓரளவு தப்பிக்கும்.

சமூகப் பிரச்சினை பேசும் படமென்றால் ஹீரோவுக்காக எதை நுழைக்கிறீர்கள் என்பதைக் கவனியுங்கள். ‘பிங்க்’ (2016) தமிழில் ‘நேர்கொண்ட பார்வை’ (2019) ஆனபோது வக்கீலுக்கு ஒரு ஃப்ளாஷ்பேக்கும் சண்டையும் வந்தன. கோர்ட் காட்சிகளில் கை வைக்காததால் பெண்ணின் சம்மதம் பற்றிய வாதம் பிழைத்தது. தெலுங்கு ‘வக்கீல் சாப்’ (2021) ஹீரோவை இன்னும் பெரிதாக்கியது, அந்த மூன்று பெண்களும் தங்கள் கதையிலேயே ஓரமாகிவிட்டார்கள். ‘அர்ஜுன் ரெட்டி’யில் (2017) அனுமதி கேட்காமல் முத்தமிடுவது, அறைவது எல்லாம் அப்போதே விமர்சிக்கப்பட்டவை. விமர்சனத்தைப் படித்த பிறகும் 2019-இல் வந்த ரீமேக்குகளில் அவற்றை மறுபடி எடுத்ததை என்னால் ஏற்க முடியவில்லை. மூல இயக்குநருக்குக் கிடைக்காத அவகாசம் ரீமேக் எடுப்பவருக்கு இருக்கிறது.

நிழல்வெளி:
மூவருக்கும் நன்றி. தமிழ் டப்பிங் உரிமையை ஏற்கெனவே ஒரு சேனலுக்கு விற்றிருந்தால் என்ன செய்வது?

உரிமைப்பத்திரம்:
ரீமேக் செய்யத் தடையில்லை, ஆனால் விலை குறையவேண்டும். சேனல் ஒப்பந்தத்தை வாங்கிப் பார்த்து, உங்கள் படம் வெளியாகிக் குறிப்பிட்ட மாதங்கள் ஆகும்வரை தமிழ் ஒலியோடு ஒளிபரப்புவதில்லை என்று சேனலிடமே எழுதி வாங்குங்கள். தயாரிப்பாளர் தரும் உறுதி மட்டும் சேனலைக் கட்டுப்படுத்தாது. அந்தக் கடிதம் வரும்வரை அட்வான்ஸுக்கு மேல் பணம் கொடுக்காதீர்கள்.