ஸ்மார்ட்டி: பிஎச்பி பிளாக்குக்குள்ள டெம்ப்ளேட் மாறி எடுபடுதில்லை, 0.00 எண்டு வருகுது

வாய்க்கால் (கிளிநொச்சி):
கமக்கார அமைப்பு ஒண்டின்ர பழைய இணையத்தளம், ஸ்மார்ட்டி 2 (பிஎச்பிக்கான டெம்ப்ளேட் எஞ்சின்). இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் மூண்டின்ரயும் நீர்மட்டம் ஃபோர்ஈச் சுற்றில அடிக்கணக்கில சரியா வருகுது. மீட்டராக்க பிஎச்பி பிளாக் போட்டு டாலர் மட்டத்தை 0.3048 ஆல பெருக்கினா மூண்டு குளத்துக்கும் 0.00. பிழைச்செய்தியும் இல்லை. குளங்கள் வத்திப்போச்செண்டு சனம் நினைக்கப்போகுது.

பாலைமரம் (வவுனியா):
அசைன் செய்த (பிஎச்பியில இருந்து டெம்ப்ளேட்டுக்கு அனுப்பின) மாறி ஸ்மார்ட்டி ஒப்ஜெக்டுக்குள்ள ஒரு அரேயில இருக்கு. கொம்பைலான (பிஎச்பி கோடா மாத்தின) டெம்ப்ளேட் அந்த ஒப்ஜெக்டின்ர மெதட் ஒண்டுக்குள்ள ஓடுது. அங்க 'டாலர் மட்டம்' எண்டு ஒண்டு இல்லை. இல்லாததைப் பெருக்கினா 0தான். பிஎச்பியின்ர நோட்டிஸ் (சின்ன எச்சரிக்கை) மூடிக் கிடக்கிறபடியால சத்தமும் வராது. டெம்ப்ளேட்ஸ்_சி கோப்புறையில கொம்பைலான கோப்பைத் திறந்தா, உங்கட மாறி என்ன பேரில எழுதப்பட்டிருக்கெண்டு கண்ணால காணலாம்.

பிளாக்குக்குள்ள டாலர் திஸ் எண்டா ஸ்மார்ட்டி ஒப்ஜெக்ட். அதின்ர கெட்_டெம்ப்ளேட்_வார்ஸ் மெதட்டுக்கு மாறியின்ர பேரை டாலர் குறி இல்லாமல் மேற்கோளுக்குள்ள குடுங்கோ. பிளாக் சுற்றுக்குள்ளயே இருக்கவேணும். வெளிய போட்டா கடைசிக் குளம் மட்டும்தான் வரும்.

முறிகண்டி:
வேலை செய்யும், ஆனா அதோட நிக்காதேங்கோ. ஸ்மார்ட்டி 3.1 இல பிஎச்பி பிளாக் ஸ்மார்ட்டிபிசி கிளாஸில மட்டும்தான். 4 இல முழுசா எடுத்தாச்சு. கணக்கை ஒரு ஃபங்ஷனாக்கி மொடிஃபயராப் (மாறியின்ர பெறுமதியை மாத்திக் காட்டுற ஃபங்ஷன்) பதியுங்கோ: 2 இல ரெஜிஸ்டர்_மொடிஃபயர், 3 இலயிருந்து ரெஜிஸ்டர்பிளகின். டெம்ப்ளேட்டில மாறிக்குப் பிறகு நெடுங்கோடு (|) போட்டு மொடிஃபயரின்ர பேர், அவ்வளவுதான். 36 அடிக்கு 10.97 வந்தா சரி.

குளத்தையே ஒப்ஜெக்டா அனுப்பப்போறியள் எண்டா ஒரு கவனம். அசைன் செய்த ஒப்ஜெக்டை டாலரோட கூப்பிடலாம், ஆனா அதின்ர பப்ளிக் மெதட் எல்லாம் டெம்ப்ளேட்டுக்குத் திறந்திருக்கும், அழிக்கிற மெதட்டும் சேர்த்து. ரெஜிஸ்டர்_ஒப்ஜெக்டில பதிஞ்சா டாலர் இல்லாமல் கூப்பிடவேணும். நீங்கள் பட்டியலிட்ட மெதட் மட்டும் ஓடும். டெம்ப்ளேட்டை வேற ஆக்களும் திருத்துற தளமெண்டா இதுதான் நல்லது.

வாய்க்கால்:
நன்றி அண்ணை, 10.97 வருகுது. ஆனா மட்டத்தை மாத்தினாலும் பக்கத்தில பழைய எண்தான் நிக்குது.

பாலைமரம்:
ஆரோ கேஷிங்கை (ஒருக்கா உருவாக்கின பக்கத்தைச் சேமிச்சு வைச்சுக் காட்டுறது) ஒன் பண்ணியிருக்கினம். கேஷ்_லைஃப்டைம் மாத்தாட்டி 3600 செக்கன், ஒரு மணித்தியாலம். மட்டத்தை டேட்டாபேஸில சேமிக்கிற இடத்திலயே கிளியர்_கேஷுக்கு அந்த டெம்ப்ளேட்டின்ர கோப்புப் பேரைக் குடுங்கோ. பேர் குடுக்காமல் முழுக் கேஷையும் அழிக்கத் தேவையில்லை.