365 ஓட்டு வாங்கிய கிரீன் கார்டு மசோதா ஏன் சட்டமாகவில்லை?

கொடிக்கால்:

அமெரிக்க நாடாளுமன்ற நடைமுறை தெரிந்தவர்கள் விளக்குங்கள். வேலைவழி கிரீன் கார்டில் ஒரு நாட்டுக்கு 7 சதவீதம்தான் என்ற வரம்பை நீக்கும் மசோதா 2019 ஜூலை 10 அன்று பிரதிநிதிகள் சபையில் 365-க்கு 65 என்று நிறைவேறியது. இரண்டு கட்சிக்காரர்களும் ஆதரித்திருக்கிறார்கள். 2020 டிசம்பர் 2 அன்று செனட்டும் ஒரு எதிர்ப்புகூட இல்லாமல் நிறைவேற்றியது. இரண்டு சபையும் சம்மதித்த பிறகும் இன்றுவரை அந்த வரம்பு அப்படியே இருக்கிறது. எங்கே போய் நின்றது?

கூடவே இரண்டு சந்தேகம். நூறு பேர் இருக்கிற செனட்டில் 51 போதாதா, 60 வேண்டும் என்று ஏன் சொல்கிறார்கள்? காங்கிரஸ், அதாவது அமெரிக்க நாடாளுமன்றம், இப்படி இழுத்தால், அதிபரே ஓர் உத்தரவு போட்டு 7 சதவீதத்தை எடுத்துவிட முடியாதா?

பொருநை:

இரண்டு சபையும் நிறைவேற்றியது உண்மை. ஆனால் நிறைவேற்றியது ஒரே மசோதாவை அல்ல. சிக்கல் முழுவதும் அங்கேதான்.

பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியது எச்.ஆர். 1044. வேலைவழியில் நாட்டு வரம்பை நீக்குவது, குடும்பவழியில் 7 சதவீதத்தை 15 ஆக உயர்த்துவது, இதுதான் அதன் உள்ளடக்கம். செனட்டில் நிறைவேறியது எஸ். 386. நோக்கம் ஒன்றுதான் என்றாலும், அதற்குள் பல பேரம் நடந்து, மாறுதல் காலம், எச்-1பி வேலை விசாவில் இருப்பவர்களுக்குப் போகும் பங்கு, சீன ராணுவத்தோடும் கம்யூனிஸ்ட் கட்சியோடும் தொடர்புள்ளவர்களுக்குத் தடை என்று புதிய பிரிவுகள் ஏறியிருந்தன. அதிபரின் மேஜைக்குப் போக வேண்டுமானால் இரண்டு சபையும் ஒரே வாசகத்தை, கமா புள்ளி மாறாமல், நிறைவேற்றியிருக்க வேண்டும். வேறுபாடு இருந்தால் ஒரு சபை மற்றதன் வாசகத்தை அப்படியே ஏற்கலாம், திருத்தித் திருப்பி அனுப்பலாம், அல்லது இரு சபை உறுப்பினர்களும் கூட்டுக் குழுவில் உட்கார்ந்து பொது வாசகம் எழுதலாம். இந்த மூன்றில் எதுவும் நடக்கவில்லை.

நடப்பதற்கு நேரமும் இல்லை. ஒரு காங்கிரசின் ஆயுள் இரண்டு வருடம். ஒற்றைப்படை ஆண்டின் ஜனவரி 3 நண்பகலில் அது முடியும். அதுவரை சட்டமாகாத மசோதாக்கள் எல்லாமே அப்போதே காலாவதி. 116-வது காங்கிரஸ் முடிந்தது 2021 ஜனவரி 3. செனட் நிறைவேற்றியது டிசம்பர் 2. நடுவில் இருந்த ஒரு மாதத்தில் கொரோனா நிவாரணம், ஆண்டுச் செலவு மசோதா, ராணுவ மசோதா மீதான வீட்டோ என்று சபையின் நேரம் போய்விட்டது. அடுத்த காங்கிரசில் புது எண், புது கமிட்டி, முதலிலிருந்து ஆரம்பம். முன்பு வாங்கிய 365 ஓட்டுக்கு அங்கே எந்த மதிப்பும் கிடையாது.

அந்த 365-ஐயும் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். மசோதா வந்தது 'விதிகளை நிறுத்திவைத்தல்' என்ற வழியில். அந்த வழியில் விவாதம் 40 நிமிடம், சபையில் திருத்தம் கொண்டுவர முடியாது, ஆனால் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும். 300-க்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் முன்மொழிவில் கையெழுத்திட்டிருந்ததால் அந்த எண்ணிக்கை எட்டக்கூடியதாக இருந்தது. செனட்டில் அப்படி ஒரு குறுக்குவழி இல்லை. அங்கே வேகமாக நிறைவேற்ற ஒரே வழி ஒருமனச் சம்மதம். ஒரே ஒரு செனட்டர் எழுந்து 'ஆட்சேபிக்கிறேன்' என்றால் அன்றைக்கு அது முடிந்தது.

எஸ். 386-க்கு அது பல முறை நடந்தது. 2019-இல் அந்த மசோதாவைக் கொண்டுவந்த செனட்டர் மைக் லீ சம்மதம் கேட்டபோது ராண்ட் பால் எதிர்த்தார். நர்ஸ்களுக்குத் தனி ஒதுக்கீடு வேண்டும் என்பது அவர் நிலை. அவரைச் சமாதானம் செய்தபின் டேவிட் பெர்டியூ எதிர்த்தார். பிறகு டிக் டர்பின், மொத்த கிரீன் கார்டு எண்ணிக்கையையே கூட்டாமல் வரிசையை மட்டும் மாற்றினால் மற்ற நாட்டவர் பாதிக்கப்படுவார்கள் என்று எதிர்த்தார். 2020-இல் ரிக் ஸ்காட். ஒவ்வொரு எதிர்ப்பையும் தீர்க்க ஒரு பிரிவு சேர, செனட் வாசகம் பிரதிநிதிகள் சபையின் வாசகத்திலிருந்து விலகிக்கொண்டே போனது. செனட்டில் நிறைவேறுவதற்குக் கொடுத்த விலையே கடைசியில் அதைச் சபையோடு ஒட்டவிடாமல் செய்தது.

மேட்டுத்தெரு:

60 கணக்குக்கு வருகிறேன். மசோதாவை நிறைவேற்ற செனட்டில் சாதாரணப் பெரும்பான்மையே போதும். 60 தேவைப்படுவது விவாதத்தை முடித்து ஓட்டெடுப்புக்குப் போவதற்கு. அரசியல் சாசனத்தில் இந்த எண் இல்லை. செனட் தனக்குத்தானே எழுதிக்கொண்ட 22-வது விதியில் இருக்கிறது. 1917-இல் அந்த விதி வந்தபோது மூன்றில் இரண்டு பங்கு. 1975-இல் ஐந்தில் மூன்று பங்காகக் குறைத்தார்கள். அதுதான் 60.

விவாதத்தை முடிக்கவிடாமல் இழுத்து மசோதாவைத் தடுப்பதற்குப் பெயர் ஃபிலிபஸ்டர். அது என்றதும் விடிய விடிய நின்று பேசும் காட்சி நினைவுக்கு வரும். 1957-இல் ஸ்ட்ராம் தர்மண்ட் 24 மணி 18 நிமிடம் பேசினார். இன்று யாரும் அப்படிப் பேச வேண்டியதில்லை. எதிர்ப்பு இருக்கிறது என்று தெரிவித்தாலே போதும், சுமை பெரும்பான்மைக் கட்சியின் தலையில் விழுந்துவிடும். அவர்கள் செய்ய வேண்டியது இது: விவாதத்தை முடிக்கக் கோரும் க்ளோச்சர் மனுவில் 16 செனட்டர்கள் கையெழுத்துப் போட வேண்டும். திங்கட்கிழமை மனு கொடுத்தால், நடுவில் செவ்வாய் ஒரு வேலைநாள் கழிந்து, புதன்கிழமைதான் ஓட்டு. 60 கிடைத்தாலும் அதன்பின் 30 மணி நேரம் வரை விவாதம் ஓடலாம். இதெல்லாம் மசோதாவை எடுத்துக்கொள்ளலாமா என்ற தீர்மானத்துக்கு ஒரு முறை, மசோதாவுக்கு இன்னொரு முறை. நடுவில் பெரிய திருத்தம் இருந்தால் அதற்கும் தனியாக ஒன்று.

ஆக, எதிர்ப்பவர் பிடிவாதமாக நின்றால் ஒரு மசோதாவுக்கு ஒன்றரை, இரண்டு வாரம் போய்விடும். செனட்டில் எதை எப்போது எடுப்பது என்று தீர்மானிப்பவர் பெரும்பான்மைத் தலைவர். நீதிபதி நியமனங்களும் செலவு மசோதாக்களும் வரிசையில் நிற்கும்போது, கிரீன் கார்டுக்கு அவ்வளவு நேரம் ஒதுக்க அவருக்கு அரசியல் காரணம் வேண்டும். 2019-20-இல் அந்தக் காரணம் இல்லை. 60 பேர் ஆதரவு இருந்திருக்கலாம் என்று வாதிடுபவர்கள் உண்டு. அதை யாரும் ஓட்டுக்கு விட்டுப் பார்க்கவே இல்லை.

நியமனங்களுக்கு மட்டும் 60 இப்போது கிடையாது. 2013-இல் ஹாரி ரீட் தலைமையில் ஜனநாயகக் கட்சியினர் உச்ச நீதிமன்றம் தவிர்த்த நியமனங்களுக்கும், 2017-இல் மிட்ச் மெக்கானல் தலைமையில் குடியரசுக் கட்சியினர் உச்ச நீதிமன்றத்துக்கும் அதை எடுத்துவிட்டார்கள். சட்டங்களுக்கு அது இன்னும் நிற்கிறது.

கொடிக்கால்:

தெளிவாக இருக்கிறது, நன்றி. ஆனால் 2025-இல் டிரம்ப்பின் பெரிய வரி மசோதா செனட்டில் 51-50 என்றுதானே நிறைவேறியது? அதே வழியில் கிரீன் கார்டையும் கொண்டுபோக முடியாதா?

பொருநை:

போய்ப் பார்த்தார்கள், முடியவில்லை.

அந்த வழியின் பெயர் ரீகன்சிலியேஷன். 1974-இன் பட்ஜெட் சட்டத்தில் வந்தது. முதலில் இரண்டு சபையும் பட்ஜெட் தீர்மானம் நிறைவேற்றி, எந்தெந்தக் கமிட்டி எவ்வளவு தொகைக்குச் சட்டம் எழுத வேண்டும் என்று சொல்ல வேண்டும். அதன்பின் வரும் மசோதாவுக்கு செனட்டில் விவாதம் 20 மணி நேரம்தான். ஃபிலிபஸ்டர் செய்ய இடமில்லை. சாதாரணப் பெரும்பான்மை போதும், சமமானால் துணை அதிபர் ஓட்டுப் போடுவார். நீங்கள் சொன்ன 51-50-இல் அந்த ஐம்பத்தோராவது ஓட்டு துணை அதிபர் வான்ஸ் போட்டது.

ஆனால் இதற்கு பேர்ட் விதி என்ற கடிவாளம் உண்டு. ஒவ்வொரு பிரிவும் அரசின் வரவையோ செலவையோ மாற்ற வேண்டும். அந்தப் பண விளைவு, கொள்கை மாற்றத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் பக்கவிளைவாக இருக்கக் கூடாது. இதை மதிப்பிட்டுச் சொல்பவர் செனட்டின் பார்லிமென்டேரியன், கட்சி சார்பற்ற அதிகாரி. 2021-இல் பைடன் கட்சியினர் குடியேற்றப் பிரிவுகளை மூன்று வடிவத்தில் கொண்டுபோனார்கள். மூன்றையும் எலிசபெத் மெக்டோனோ ஏற்கவில்லை: வரவு செலவு மாறுவது உண்மை, ஆனால் இது அடிப்படையில் குடியேற்றக் கொள்கை மாற்றம் என்பதே சாரம். குறைந்தபட்சக் கூலி 15 டாலர் என்ற பிரிவும் அதே ஆண்டில் இப்படித்தான் விழுந்தது. பார்லிமென்டேரியன் சொன்னதைத் தாண்டிப் போக 60 ஓட்டு வேண்டும். ஆக, சுற்றி வந்து அதே இடம்.

இந்த வழியில் போனாலும் 51 தானாக வந்துவிடாது. கட்சித் தாவல் தடைச் சட்டம் போல எதுவும் அங்கே இல்லை. கட்சியை மீறி ஓட்டுப் போட்டால் பதவி போகாது. 2017 ஜூலையில் குடியரசுக் கட்சிக்கு 52 இடம் இருந்தும், மெக்கெய்ன், காலின்ஸ், மர்கவ்ஸ்கி மூவரும் எதிர்த்ததால் ஒபாமா மருத்துவக் காப்பீட்டை நீக்கும் மசோதா 49-51 என்று தோற்றது.

நெய்தல்:

அதிபர் உத்தரவு பற்றிய கேள்விக்கு யாரும் வரவில்லை, நான் சொல்கிறேன்.

7 சதவீதம் காங்கிரஸ் எழுதிய சட்டத்தின் வாசகம். குடியேற்றச் சட்டத்தின் 202-வது பிரிவில், எண்ணாகவே இருக்கிறது. வேலைவழி ஒதுக்கீடு ஆண்டுக்குச் சுமார் 1,40,000. அதில் 7 சதவீதம் 9,800, அதற்குள் மனைவி, கணவர், பிள்ளைகளும் அடக்கம். மற்ற நாடுகள் பயன்படுத்தாமல் மிஞ்சியதுதான் கூடுதலாகக் கிடைக்கும். சட்டத்தில் எண்ணாக இருப்பதை எந்த அதிபரும் கையெழுத்தால் மாற்ற முடியாது.

சட்டம் எங்கே நிர்வாகத்துக்கு இடம் விட்டிருக்கிறதோ அங்கே செய்யலாம். நல்ல உதாரணம், எச்-1பி-யில் இருப்பவரின் மனைவி அல்லது கணவருக்கான எச்-4 விசாவில் வேலை அனுமதி. ஒபாமா காலத்தில், 2015 மே முதல், விதிமுறையாக வந்தது: வரைவை வெளியிட்டு, பொதுமக்கள் கருத்துக் கேட்டு, இறுதி விதியை வெளியிடும் முறை. வழக்குப் போட்டார்கள், 2024-இல் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் விதி செல்லும் என்றது. அதே ஒபாமா 2014-இல் குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ள பிள்ளைகளின், ஆவணமில்லாத லட்சக்கணக்கான பெற்றோர்களை வெளியேற்றாமல் விட அறிவித்த திட்டத்தை டெக்சாஸ் நீதிமன்றம் நிறுத்தியது. 2016-இல் உச்ச நீதிமன்றம் 4-4 என்று பிரிந்ததால் தடை நிலைத்தது. விதிமுறையில் இன்னொரு பலவீனம்: அடுத்த அதிபர் அதே நடைமுறையில் எடுத்துவிடலாம்.

மேட்டுத்தெரு:

ஒன்று விட்டுப்போச்சு. சின்ன மசோதாக்கள் தனியாக நடந்து போய் சட்டமாவது குறைவு. நிறைவேற்றாமல் இருக்கவே முடியாத பெரிய வண்டியில் ஏறிப் போவதுதான் வழக்கம்: ஆண்டுதோறும் வரும் ராணுவ அங்கீகார மசோதா, அல்லது அரசு மூடப்படாமல் இருக்க வேண்டிய செலவு மசோதா. முதலீட்டு கிரீன் கார்டான இபி-5-ஐத் திருத்தி எழுதிய சட்டம் 2022 மார்ச்சில் செலவு மசோதாவுக்குள் வந்ததுதான். இதே நாட்டு வரம்பை நீக்கத் தனி மசோதாவாக வந்த ஈகிள் சட்டம், எச்.ஆர். 3648, அதே 2022 டிசம்பரில் சபையில் ஓட்டுக்கு வரும் என்று பட்டியலிட்டும் கடைசியில் எடுக்காமலே விட்டார்கள். அதனால் அக்டோபர் 1-இல் தொடங்கும் நிதியாண்டுச் செலவு மசோதா எந்த நிலையில் இருக்கிறது என்று பார்ப்பது, பத்து தனி மசோதாவைப் பின்தொடர்வதைவிடப் பயனுள்ளது.

நெய்தல்:

பின்தொடர விரும்புகிறவர்கள் காணொளித் தலைப்புகளை விட்டுவிட்டு காங்கிரஸ் டாட் கவ் தளத்தில் மசோதா எண்ணைப் போட்டு 'ஆக்‌ஷன்ஸ்' பக்கத்தைத் திறங்கள். 'கமிட்டிக்கு அனுப்பப்பட்டது' என்பதோடு நின்றிருந்தால் எதுவும் நடக்கவில்லை என்று அர்த்தம். ஒரு காங்கிரசில் பத்தாயிரத்துக்கும் மேல் தாக்கலாகும், பெரும்பாலானவை அங்கேயே முடியும். கமிட்டியில் திருத்தி ஓட்டெடுத்து 'ரிப்போர்ட்' ஆகியிருந்தால், அதாவது முழுச் சபைக்கு அனுப்பப்பட்டிருந்தால், கவனிக்கலாம். எண்ணோடு எத்தனையாவது காங்கிரஸ் என்பதையும் பாருங்கள். பழைய மசோதாவைப் புதிதுபோலப் போடும் காணொளிகள் நிறைய.

உங்கள் பகுதி உறுப்பினர் அலுவலகத்துக்குப் பேச குடியுரிமை தேவையில்லை. நாடாளுமன்றத்தின் பொதுத் தொலைபேசி எண் 202-224-3121-இல் கேட்டால் இணைப்புக் கொடுப்பார்கள். அஞ்சல் குறியீடு, மசோதா எண், ஆதரவா எதிர்ப்பா, இந்த மூன்றும் போதும், எடுப்பவர் குறித்துக்கொள்வார். கிரீன் கார்டு இருந்தால் தேர்தல் நன்கொடை கொடுக்கலாம், எச்-1பி-யில் இருப்பவர் கொடுக்கக் கூடாது, சட்டப்படி குற்றம். அதைவிட முக்கியமானது: ஓட்டுநர் உரிமம் எடுக்கும்போது வாக்காளராகப் பதிவு செய்யவா என்று படிவத்தில் ஒரு கட்டம் இருக்கும். 'நான் குடிமகன்' என்ற கட்டத்தில் கைதவறி டிக் செய்தாலும் பின்னாளில் கிரீன் கார்டு விண்ணப்பமே நிராகரிக்கப்படலாம், நாடு கடத்தும் நடவடிக்கைகூட வரலாம். வரிசை வரிசையாகப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.