ஏற்காட்டுக் குளிரில் கார்டீனியா: குளிர் தாங்கும் ரகம் அவசியமா?

கேள்வி: நாகலூர்ச் சாலை

ஏற்காட்டில், நாகலூர் செல்லும் சாலையை ஒட்டி எங்கள் வீடு உள்ளது. சேலத்து நர்சரி ஒன்றில் வாங்கிய அடுக்குப்பூ கார்டீனியாவை மண்தொட்டியில் வளர்த்து வருகிறேன். ஐப்பசியில் மொட்டுகள் நிறைய வைக்கின்றன. ஆனால் மார்கழிப் பனி தொடங்கியதும் மொட்டின் அடிப்பகுதியில் மஞ்சள் ஏறி, விரல் பட்டாலே உதிர்ந்துவிடுகின்றன. குருத்திலைகளும் வெளுத்து, நரம்புகள் மட்டும் பச்சையாகத் தெரிகின்றன. குளிருக்குப் பயந்து மாலையில் தொட்டியைச் சமையலறைக்குள் கொண்டுவந்து, காலையில் மறுபடி வெளியே வைக்கிறேன். ஊற்றுவது போர்வெல் தண்ணீர்தான். அமெரிக்காவில் இருக்கும் உறவினர், உறைபனியையும் தாங்கும் ‘கிளைம்ஸ் ஹார்டி’ என்னும் ரகத்தில் ஒரு கன்று கொண்டுவருவதாகச் சொல்கிறார். அதை நட்டால் ஆண்டு முழுவதும் வெளியிலேயே விட்டுவிடலாமா?

பதில் 1: மலைக் காபித்தோட்டம்

ஐயா, தங்களிடம் இருக்கும் செடியையே தாராளமாக வெளியில் விடலாம். ஊட்டியைப் போல ஏற்காட்டில் உறைபனி விழுவதில்லை. கார்டீனியாவின் சாதாரண ரகங்களோ உறைநிலைக்குச் சில டிகிரி கீழே போனாலும் பிழைத்துக்கொள்பவை. காபியும் இதுவும் ஒரே தாவரக் குடும்பம் என்பதால், காபி செழிக்கும் இந்த மலையில் இதற்கு இடமில்லாமல் போகாது.

மொட்டு உதிர்வதற்குக் காரணம் குளிரன்று, தொட்டியை இடம் மாற்றுவதே என்று கருதுகிறேன். இரவு வெப்பம் 15 முதல் 18 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும்போதுதான் கார்டீனியா நன்றாக மொட்டு வைக்கும். மொட்டு வைத்த செடியை வெளியிலுள்ள ஈரக்காற்றிலிருந்து அடுப்பனல் படும் வறண்ட அறைக்கு நாள்தோறும் மாற்றினால், வெப்பமும் ஈரப்பதமும் ஏறி இறங்குவதைத் தாங்காமல் அது முதலில் உதறுவது மொட்டுகளைத்தான். காலை வெயில் பட்டு, பிற்பகலில் நிழல் விழும் ஓர் இடத்தில் வைத்துவிட்டு, பூத்து முடியும்வரை தொட்டியைத் தொடாதீர்கள்.

குருத்து வெளுத்து நரம்பு பச்சையாக நிற்பது இரும்புச்சத்துக் குறைவின் அடையாளம். இதில் மட்டும் குளிருக்கும் பங்குண்டு: மண் குளிர்ந்திருக்கும்போது வேர் இரும்பை எடுத்துக்கொள்வது குறைகிறது, தொட்டி மண்ணோ நிலத்தைவிட விரைவில் குளிர்கிறது. லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பும் (ஃபெரஸ் சல்பேட் எனும் இரும்பு உப்பு) 1 கிராம் சிட்ரிக் அமிலமும் கரைத்து, மாலை நேரத்தில் இலைகள் நனையத் தெளியுங்கள். முதலில் ஒரு கிளையில் மட்டும் தெளித்துப் பார்த்துவிட்டு மற்றவற்றுக்குத் தெளிப்பது நல்லது.

பதில் 2: அஸ்தம்பட்டி மொட்டைமாடி

தண்ணீரையும் கவனியுங்கள். மண்ணின் பி.எச்., அதாவது அமில-கார அளவு, 5 முதல் 6 வரை இருந்தால்தான் கார்டீனியாவுக்கு ஒத்துவரும். சேலத்தில் மாக்னசைட் வெட்டும் வெள்ளைக்கல் மலைப் பக்கம் மண்ணே காரமானது. எங்கள் போர்வெல் நீரைப் பிடித்து வைத்தால் குடத்தின் உட்புறம் வெள்ளையாகப் படிகிறது. அத்தகைய நீரையே தொடர்ந்து ஊற்றினால், எவ்வளவு இரும்பு இட்டாலும் வேருக்குக் கிட்டாத வடிவத்துக்கு அது மாறிவிடும். மழைநீரைச் சேமித்து ஊற்றத் தொடங்கிய பிறகே என் செடியில் பச்சை திரும்பியது. ஆயினும் சித்திரை, வைகாசியில் இங்கே இரவிலும் புழுக்கம் தணியாததால் மொட்டுகள் நிற்பதில்லை. தங்கள் ஊர் இரவுக்காக நான் ஏங்குகிறேன்!

பதில் 3: வட கரோலினாவிலிருந்து

நான் சேலத்துக்காரி, இங்கே ‘கிளைம்ஸ் ஹார்டி’ செடியை நிலத்தில் வளர்க்கிறேன். அமெரிக்க வேளாண் துறை வகுத்துள்ள 7ஆம் மண்டலத்துக்கு, அதாவது குளிர்காலத்தில் மைனஸ் 12 முதல் மைனஸ் 18 டிகிரி வரை இறங்கும் ஊர்களுக்கு, இதையும் ‘ஃப்ராஸ்ட் ப்ரூஃப்’, ‘சக் ஹேய்ஸ்’ ஆகியவற்றையும் பரிந்துரைக்கிறார்கள். தாங்கும் என்பதற்குப் பொருள் செடி சாகாது என்பது மட்டுமே. கடுங்குளிரில் இலைகள் கருகி, சில கிளைகள் காய்ந்துபோகும். முந்தைய பருவத்துக் கிளைகளில்தான் மொட்டு வரும் என்பதால், அவை காய்ந்த ஆண்டில் பூ மிகக் குறைவு. அதனால்தான் வாடைக்காற்று படாத தெற்குச் சுவரோரம் நட்டு, அடியில் பைன் சருகை மூடாக்காகப் பரப்புகிறோம். தொட்டியில் வேர் எளிதில் உறைந்துவிடும்.

அதோடு, ‘கிளைம்ஸ் ஹார்டி’யின் பூ ஆறிதழ் கொண்ட ஒற்றைப் பூ. அடுக்குப்பூவின் நிறைவை விரும்புகிறவருக்கு அது போதாது. இறக்குமதி அனுமதியும் தாவர நலச் சான்றிதழும் இல்லாமல் பெட்டியில் கன்று கொண்டுவருவது இந்தியச் சட்டப்படி தவறு. மண்ணோடும் வேரோடும் நோய் வந்து சேரும் அபாயம் உண்மையானது. தயவுசெய்து உறவினரைத் தடுத்துவிடுங்கள், ஐயா.

கேள்வி கேட்டவர்: நாகலூர்ச் சாலை

அனைவருக்கும் நன்றி. உறவினரிடம் வேண்டாமென்று சொல்லிவிட்டேன். இதே செடியை நிலத்திலேயே நட நினைக்கிறேன். எந்த மாதம் ஏற்றது?

பதில்: மலைக் காபித்தோட்டம்

ஆனி, ஆடி மழையில் நடுங்கள். குளிர் வருவதற்குள் வேர் பிடித்துவிடும். தண்ணீர் தேங்காத மேட்டில் குழி எடுத்து, மட்கிய சில்வர் ஓக் சருகைக் கலந்து இடுங்கள். காபிக்கு டாலமைட் அல்லது சுண்ணாம்பு போடும் வழக்கம் தங்கள் தோட்டத்தில் இருந்தால், அது மண்ணின் காரத்தைக் கூட்டும் என்பதால், கரைந்து வழியும் சரிவில் மட்டும் இதை நடாதீர்கள்.