பரண்ல இருந்து அம்பு விடும்போது எந்தத் தூரத்தைக் கணக்கு வைக்கணும்?

கேள்வி: மிச்சிகன்ல இருக்கேன். அக்டோபர் 1-ல தொடங்குற வில் மான் வேட்டை சீசனுக்காக 20 அடி உயரத்துல பரண் கட்டியாச்சு. தரையில நின்னா அம்பு குறியில விழுது, மேல ஏறினா நாலு விரல் மேலே போகுது. தூரம் அளக்குற கருவியை (ரேஞ்ச்ஃபைண்டர்) நம்பலாமா?

பதில் 1: தம்பி, அம்பு எவ்வளவு இறங்கும்னு தீர்மானிக்கிறது கிடைத்தூரம் (தரையோட மட்டத்துல உள்ள தூரம்), பரண்ல இருந்து மானுக்குச் சரிவா போற சாய்கோடு இல்லை. ஆனா உன் உயரத்துக்கு வித்தியாசம் அற்பம்: மான் 20 கெஜத்துல நின்னா சாய்கோடு 21, 10 கெஜத்துல நின்னா 12. நாலு விரலுக்கு அது காரணமே இல்லை. நீ கையை மட்டும் இறக்குறே. நேரா நிக்கிற மாதிரி நாணை முழுசா இழுத்து, தாடையில பதிச்சு, அப்புறம் இடுப்புல இருந்து குனி. பீப் (நாண்ல இருக்கிற குறி பார்க்கிற சின்ன ஓட்டை) வழியா பார்வை மாறவே கூடாது.

இன்னொண்ணு: பரண்ல உக்காந்ததும் உன் கண் மட்டத்துல சுத்தியிருக்கிற மரத்தண்டுகள் எவ்வளவு தூரம்னு அளந்து வை. அதுதான் கிடைத்தூரம், கணக்கே வேண்டாம். மான் வந்தப்புறம் கருவியைத் தேடினா அது போயே போச்சு.

பதில் 2: அண்ணன் சொன்னது சரி. கூடவே, மானோட மறுபக்கம் அம்பு வெளியே வர்ற இடத்தை நினைச்சுக் குறி வை. நேர் கீழே நிக்கிற மானை விட்டுடு. ஒரு நுரையீரல்ல மட்டும் பட்டா ராத்திரி முழுக்கத் தேடணும்.

கேட்டவர்: நன்றிண்ணே. சேஃப்டி ஹார்னஸ் (கீழே விழாம தாங்குற பட்டை) மாட்டிக்கிட்டே குனிய முடியுமா?

பதில் 1: அதோட கயிறை முதுகுப் பக்கம் மரத்துல தலை உயரத்துல கட்டு, தாராளமா முடியும். ஹார்னஸைக் கழட்டிட்டு மட்டும் எய்யாதே.