முயல் குட்டி போட்டுவிட்டது, தாய் பால் கொடுக்கவில்லை. அவசர உதவி!

மதுரைப்பொண்ணு (இரவு 9.12)
காலையில் கூண்டைத் திறந்தால் மூலையில் குட்டிகள். முடியே இல்லை, கண்ணும் திறக்கவில்லை. இரண்டும் பெண் முயல் என்று சொல்லித்தான் கடையில் கொடுத்தார்கள். தாய் காலையிலிருந்து குட்டிகள் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பசும்பால் காய்ச்சி ஆற வைத்திருக்கிறேன், இங்க் ஃபில்லரில் கொடுக்கலாமா? எத்தனை மணிக்கு ஒரு முறை? சீக்கிரம் சொல்லுங்கள், கை நடுங்குகிறது.

கீரைக்கட்டு (9.18)
எத்தனை குட்டி? அசைகின்றனவா? அடியில் என்ன விரித்திருக்கிறீர்கள்? இன்னொரு முயல் எங்கே இருக்கிறது?

செவலை (9.21)
பாலில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து இரண்டு மணிக்கு ஒரு முறை கொடுங்கள். எங்கள் பூனைக்குட்டியை அப்படித்தான் காப்பாற்றினோம்.

மலைப்பண்ணை (9.30)
செவலை, தெரியாததைச் சொல்லாதீர்கள். முயல் பாலில் கொழுப்பு பசும்பாலைப் போல மூன்று மடங்கு. அதில் தண்ணீர் வேறு கலந்தால் குட்டிக்கு என்ன கிடைக்கும்? ஃபில்லரில் ஊட்டினால் பால் நுரையீரலுக்குள் போய்விடும்.

இந்தக் கேள்விக்கு நான் பத்து தடவையாவது பதில் எழுதியிருப்பேன். முயல் வாங்குகிறவர்கள் ஒரு நாள் உட்கார்ந்து படித்தால் போதும். தாய் முயல் நாய், பூனை மாதிரி குட்டிகளை அணைத்துக்கொண்டு படுக்காது. கூட்டில் தங்கினால் நரி, பாம்பு மோப்பம் பிடித்து வந்துவிடும் என்று ஒதுங்கியே இருக்கும். ஒரு நாளைக்கு ஒரு முறை, மிஞ்சினால் இரண்டு முறை, பெரும்பாலும் இரவிலோ விடியற்காலையிலோ போய் மூன்று, நான்கு நிமிடம் பால் கொடுத்துவிட்டு வந்துவிடும். நீங்கள் பகலெல்லாம் காத்திருந்தாலும் பார்க்க முடியாது.

வயிற்றைப் பாருங்கள். உருண்டையாக, தோல் இழுபட்டு இருந்தால் பால் குடித்திருக்கிறது. ஒட்டிப்போய்த் தோல் சுருங்கியிருந்தால்தான் கவலை.

செல்வி_திண்டுக்கல் (9.34)
குட்டிகளைக் கையால் தொடாதே கண்ணு. மனுஷ வாடை பட்டால் தாய் கடித்துப் போட்டுவிடும். எங்கள் வீட்டில் அப்படித்தான் நாலு குட்டி போச்சு.

மலைப்பண்ணை (9.37)
தவறு. வீட்டு முயல் உங்கள் வாடையில்தான் வளர்கிறது. நான் தினமும் குட்டிகளைக் கையில் எடுத்து எண்ணுகிறேன், எந்தத் தாயும் ஒதுக்கியதில்லை. கூண்டுப் பக்கம் நாய் வந்து மிரட்டியிருக்கும், தண்ணீர் தீர்ந்திருக்கும், அதனால் கடித்திருக்கும்.

செல்வி_திண்டுக்கல் (9.41)
என் வீட்டில் நாயே கிடையாது தம்பி. பார்த்ததைத்தான் சொன்னேன். அந்தப் பிள்ளையே பயந்துபோய்க் கேட்கிறது, அதற்கு முன்னால் பாடம் எடுக்காமல் பேசினால் நல்லது.

மதுரைப்பொண்ணு (9.48)
ஆறு குட்டி. அஞ்சுக்கு வயிறு உருண்டையாக இருக்கிறது. ஒன்று மட்டும் தனியாக ஜில்லென்று கிடக்கிறது. கம்பி வலைதான், ஒரு துண்டு போட்டிருக்கிறேன். வெயில் தாங்காது என்று மேலே ஃபேன். இன்னொரு முயலும் அதே கூண்டில்தான் இருக்கிறது.

கீரைக்கட்டு (9.51)
இதைத்தானே முதலில் கேட்டேன். சரி, இப்போது வரிசையாகச் செய்யுங்கள்.

ஜில்லென்று இருக்கும் குட்டிக்கு எதுவும் ஊட்டாதீர்கள், அதற்குச் செரிக்காது. உள்ளங்கையில் மூடி வையுங்கள், அல்லது வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வையுங்கள். உடம்பு சூடானதும் மற்ற குட்டிகளின் நடுவில் விடுங்கள். ஃபேன் காற்று குட்டிகள் மேல் படக்கூடாது. தாய்க்கு வெயில் ஆகாது, குட்டிக்குக் குளிர் ஆகாது, அதனால் ஃபேனைத் தாய் படுக்கும் பக்கம் திருப்புங்கள்.

ஒன்றரை அடி நீளம், ஒரு அடி அகலத்தில் அட்டைப் பெட்டி எடுத்து, ஒரு பக்கத்தை மட்டும் தாய் ஏறி இறங்கத் தாழ்வாக வெட்டுங்கள். உள்ளே வைக்கோல், அதன் மேல் தாய் தன் வயிற்றிலிருந்து பிடுங்கிப் போட்ட முடி. பஞ்சு வேண்டாம், காலில் சுற்றிக்கொள்ளும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் அந்த இன்னொரு முயலை வெளியே எடுங்கள். அது ஆண். பெண் முயல் குட்டி போட்ட சில மணி நேரத்திலேயே மறுபடி சினை பிடிக்கும்.

செவலை (10.05)
ஆறையும் வளர்க்க முடியாது. வளர்ந்ததும் பண்ணைக்குக் கொடுத்துவிடுங்கள், கறிக்கு நல்ல விலை.

செல்வி_திண்டுக்கல் (10.07)
பிறந்து ஒரு நாள் ஆகவில்லை, அதற்குள் கறியா?

மலைப்பண்ணை (10.12)
கறிக்கு வளர்ப்பதில் என்ன குற்றம்? என் பண்ணையே அதுதான். கோழிக்குக் கண்ணீர் விடாதவர்கள் முயலுக்கு மட்டும் ஏன் விடுகிறீர்கள்?

கீரைக்கட்டு (10.15)
இந்தச் சண்டைக்குத் தனி இழை தொடங்குங்கள். மதுரைப்பொண்ணு, ஆணைப் பிரித்துவிட்டீர்களா?

கீரைக்கட்டு (மறுநாள் காலை 7.02)
குட்டி எப்படி இருக்கிறது?

மதுரைப்பொண்ணு (12 நாள் கழித்து)
மன்னிக்கவும், வேலை. அந்த ஒரு குட்டி அன்றைக்கு ராத்திரியே போய்விட்டது. மற்ற அஞ்சும் நன்றாக இருக்கின்றன, முடி வந்துவிட்டது, நேற்று கண் திறந்தன. தாய் விடியற்காலை நாலு மணிக்குப் பெட்டிக்குள் இறங்கியதை நானே பார்த்தேன். எல்லோருக்கும் நன்றி. செல்வி அக்கா, தொட்டேன், ஒன்றும் ஆகவில்லை.

செல்வி_திண்டுக்கல் (அன்றே)
நல்லா இருக்கட்டும் கண்ணு. தாய்க்கு வேலிமசால் தீவனத் தழை கிடைத்தால் போடு, தண்ணீர் தீராமல் பார்த்துக்கோ.

மதுரைப்பொண்ணு (30ஆம் நாள்)
தாய் வாயில் வைக்கோலைக் கவ்விக்கொண்டு கூண்டெல்லாம் சுற்றுகிறது. எதற்கு?

கீரைக்கட்டு (5 நிமிடம் கழித்து)
ஆணை எப்போது பிரித்தீர்கள்?

மதுரைப்பொண்ணு
மறுநாள் காலையில். அன்றைக்கு ராத்திரி வைக்க வேறு கூண்டு இல்லை.

கீரைக்கட்டு
அடுத்த ஈற்றுக்குக் கூடு கட்டுகிறது. சினைக்காலம் 31 நாள்தான், இன்று ராத்திரியோ நாளையோ போட்டுவிடும். பெரிய குட்டிகள் ஐந்தையும் இப்போதே தனிக் கூண்டுக்கு மாற்றுங்கள், நாலு வாரமாகிவிட்டது, உலர்ந்த புல்லும் தீவனமும் தின்னும். புதுப் பெட்டி, புது வைக்கோல். ஃபேன் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது?