கொத்தனாராக இருந்த மாமனாருக்கு நினைவுக் கல் பெஞ்ச்: கரிசல் மண்ணில் அடித்தளம் எப்படிப் போடுவது?

மானூர்_மருமகன்:
மாமனார் நாற்பது வருஷம் கொத்து வேலை பார்த்தவர். திருநெல்வேலிப் பக்கம் மானூர், கங்கைகொண்டான், தாழையூத்து சுற்றுவட்டாரத்தில் நிறைய வீடு அவர் கை பட்டது. வரும் மாசியில் வருஷ திவசம். பிளெக்ஸ் வைப்பதெல்லாம் வேண்டாம், வீட்டு வாசலில் எங்கள் பட்டா இடத்திலேயே போறவர வயசாளிகள் உட்கார ஆறடிக் கல் பெஞ்ச் போடலாம் என்று அத்தையும் மகள்களும் சொல்கிறார்கள். மண் கரிசல். காம்பவுண்ட் சுவரில் விரல் நுழைகிற விரிசல் இருக்கிறது. பெஞ்சுக்கும் அந்தக் கதி வராமல் இருக்க என்ன செய்யணும்? அவர் சாந்து பூசின கொத்துக் கரண்டியைக் காங்கிரீட்டில் பதிக்கலாமா? பக்கத்தில் ஒரு வேம்பு வைக்கவும் ஆசை. இன்னொன்று, அவர் கணக்கு நோட்டுகள் ஏழெட்டு கிடக்கு. ஒரு பக்கம் "சிமெண்ட் 12 மூடை, ஜல்லி அரை லோடு", எதிர்ப்பக்கம் "பெரியவ பீஸ், சின்னவ பஸ் பாஸ், அவளுக்குக் கண்ணாடி" என்று எழுதியிருக்கார். அதை எப்படிக் காப்பாற்றுவது?

பாளை_கட்டுமானம்:
தம்பி, கரிசல் மழையில் உப்பும், கோடையில் வெடிக்கும். இரண்டு காலுக்கும் தனித்தனிக் குழி போட்டால் ஒன்று ஏறும், ஒன்று இறங்கும். மேல்கல் ஆடும், இல்லாவிட்டால் நடுவில் ஒடியும். அதனால் இரண்டு காலும் ஒரே தளத்தில் நிற்கணும். அசைந்தாலும் சேர்ந்தே அசையட்டும்.

ஏழரை அடி நீளம், மூன்றடி அகலம், நாலடி ஆழம் தோண்டுங்கள். எடுத்த கரிசலைத் திரும்பப் போடவே கூடாது. அதற்குப் பதில் குழியை நிரப்பச் சரளை மண் ஒரு யூனிட் (நூறு கன அடி) வரும். ஆறு அங்குலத்துக்கு ஒரு தடவை தண்ணீர் தெளித்துத் திமிசுக் கட்டையால் இடித்து இறுக்கணும். வெறும் மணலைக் கொட்டச் சொல்வார்கள், கேட்காதீங்க. சுற்றிலும் களி, நடுவில் மணல் என்றால் அந்தக் குழி மழைத்தண்ணியை வாங்கித் தேக்கி அடிமண்ணை ஊற வைக்கும்.

சரளை மேல் 1:4:8 கலவையில் (சிமெண்ட், மணல், ஜல்லி), ஒன்றரை அங்குல ஜல்லி போட்டு நாலு அங்குலக் கனத்துக்குக் காங்கிரீட். அதன்மேல் ஏழுக்கு இரண்டரை அடி, ஐந்து அங்குல கம்பித் தளம், 1:1½:3, முக்கால் அங்குல ஜல்லி. 8 எம்எம் கம்பி ஆறு அங்குல இடைவெளியில் குறுக்கும் நெடுக்கும். நாற்பதடிக் கம்பி இரண்டே போதும், ஏறக்குறைய ஒன்பதரை கிலோ. கம்பி தரையில் படாமல் தூக்கி நிற்க அடியில் இரண்டு அங்குலக் கவர் பிளாக் (சின்னக் காங்கிரீட் கட்டை) வையுங்க. கால் கட்டும் சாந்தும் சேர்த்து சிமெண்ட் மூன்று மூடை. பத்து நாள் சாக்கு போட்டு நனைக்கணும். ஏழு நாளைக்கு முன்னால் கல்லை ஏற்றக் கூடாது.

ஐப்பசி, கார்த்திகையில் குழி தோண்டினால் குளமாகிவிடும். தை பிறந்ததும் ஆரம்பித்தால் மாசிக்குத் தாராளமாக முடியும்.

வேம்பு பதினைந்து அடி தள்ளி. வேர் ஈரத்தை உறிஞ்சினால் அந்தப் பக்கத்துக் கரிசல் மட்டும் சுருங்கி, தளம் அந்தப் பக்கம் சாயும். உங்கள் காம்பவுண்ட் சுவர் பக்கத்திலும் ஏதாவது மரம் இருக்கிறதா என்று பாருங்க.

கரண்டியைப் பதிக்காதீங்க. இரும்பு துருப்பிடித்தால் பருக்கும், சுற்றியுள்ள காங்கிரீட்டைப் பிளக்கும். கரண்டி உருவம் வேணும்னா கல்லிலேயே செதுக்கச் சொல்லுங்க.

அம்பை_கல்வேலை:
மேல்கல் ஆறடி, ஒன்றரை அடி அகலம், நாலு அங்குல கனம் என்றால் 230 கிலோ வரும். இரண்டு பேர் தூக்கிவிடலாம் என்று நினைத்துக் காலை நசுக்கிக்கொள்ள வேண்டாம். ஆறு பேர், இரண்டு கடப்பாரை, கயிறு வேணும். கால்கள் ஒன்பது அங்குல கனம், பதின்மூன்று அங்குல உயரம், இடையில் நாலடி. உட்காரும் உயரம் பதினேழு அங்குலம் ஆகும், முட்டிவலிக்காரர் எழுந்திருக்கத் தோதான உயரம். உட்காரும் முகத்தைப் பாலிஷ் போடாமல் உளியால் கொத்தின பொளி வேலையோடு விடுங்க, ஈரத்தில் வழுக்காது. முன்பக்கம் கால் அங்குலம் சரிவு (வாட்டம்) கொடுத்தால் தண்ணி நிற்காது.

எழுத்தை உட்காரும் இடத்தில் வெட்டவே கூடாது. தேயும், அதோடு பேர் மேல் உட்கார யாருக்கும் மனசு வராது. பின்னால் சுவரில் தனிக் கறுப்புக் கல். எழுத்து உயரம் ஒன்றரை அங்குலம், ஆழம் மூன்று எம்எம். இதற்குக் குறைந்தால் வெள்ளைப் பெயிண்ட் வெயிலில் உரிந்ததும் படிக்க முடியாது.

தப்பு நடக்கிறது வெட்டுவதற்கு முன்னாலேதான். வாட்ஸ்அப்பில் அனுப்பிய வாசகத்தைக் கடைக்காரர் பழைய எழுத்துருவுக்கு மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறும், புள்ளி காணாமல் போகும். வெட்டப்போகும் அளவிலேயே தாளில் எடுத்து, சுவரில் ஒட்டி, பத்தடி தள்ளி நின்று வீட்டில் இரண்டு பேர் சத்தமாகப் படியுங்க. ர, ற, ல, ள, ழ எல்லாம் அப்போதுதான் பிடிபடும். ஐந்து வரிக்கு மேல் போகாதீங்க: பேர், தகப்பனார் பேர், கொத்தனார், பிறந்த, மறைந்த வருஷம், "மனைவியும் மக்களும் வைத்தது". பேரப்பிள்ளைகள் பேரை வரிசையாக எழுதினால் அடுத்து பிறக்கிற பிள்ளைக்கு இடம் இருக்காது!

ஏடு_காப்பவன்:
நோட்டை லேமினேஷன் செய்யாதீங்க. சூடும் பசையும் ஏறினால் திரும்பப் பிரிக்க முடியாது. முதலில் துருப்பிடித்த ஸ்டேப்ளர் பின்னைக் கத்தி நுனியால் நிமிர்த்தி எடுத்து, நூலால் கட்டுங்க. ஜன்னல் ஓர வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல், இரண்டு பக்கமும் ஒரே படத்தில் வரும்படி எடுக்கணும். மூடையும் பீஸும் எதிரெதிரே இருப்பதுதான் அந்த நோட்டின் அருமை. பக்கம் பக்கமாகப் பிரித்து எடுத்தால் அது போச்சு. பந்துமுனைப் பேனா மை வெயில் பட்டால் மங்கும், அதனால் அசலைத் துணியில் சுற்றிப் பீரோவில் வையுங்க. சுவரில் மாட்ட நகல் போதும்.

கரண்டி, பித்தளைத் தூக்குக்குண்டு இரண்டையும் ஆசிட்டில் போடாதீங்க. கரண்டியை மண்ணெண்ணெயில் ஒரு ராத்திரி ஊற வைத்து, மெல்லிய உப்புத்தாளால் துருவை மட்டும் எடுத்து, மெஷின் ஆயில் லேசாகத் தடவுங்க. தேய்ந்த முனையைச் சமப்படுத்த வேண்டாம். மட்டப்பலகையைச் சாய்த்து வைத்தால் வளையும், படுக்க வைக்கணும். குடும்பத்தில் யாராவது இந்தத் தொழில் செய்தால் கண்ணாடிப் பெட்டியை விட அவர் கையில் கொடுப்பது நல்லது என்பது என் எண்ணம்.

பாளை_கட்டுமானம்:
ஒன்று விட்டுப்போச்சு. 1994-ல் தொடங்கிய கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் அவர் பதிந்திருந்தாரா? அட்டை இருந்தால் அசலோடு இறப்புச் சான்று, வாரிசு விவரம், அத்தையின் வங்கிப் புத்தகம் எடுத்துக்கொண்டு தொழிலாளர் உதவி ஆணையர் (சமூகப் பாதுகாப்புத் திட்டம்) அலுவலகத்தில் கேளுங்க. திவசம் முடியட்டும் என்று தள்ளிப்போட வேண்டாம்.

மானூர்_மருமகன்:
அண்ணாச்சி, அட்டை இருக்கு, திங்கட்கிழமை போறோம். சுவர் ஓரமாக முருங்கை நிற்கிறது, அதுதான் காரணம் போல. தளத்துக்கும் சுவருக்கும் இடைவெளி விடணுமா?

பாளை_கட்டுமானம்:
கண்டிப்பாக. ஒரு அங்குலம் விட்டு தெர்மோகோல் வைத்துக் காங்கிரீட் போடுங்க. ஒட்டிப் போட்டால் சுவரின் விரிசல் தளத்துக்குள் இறங்கும். அந்த இடைவெளியின் மேல்வாயைத் தார் கலந்த மணலால் மூடினால் மழைத்தண்ணி உள்ளே போகாது.